சிவப்புத் தொட்டி போகும் இடம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் குப்பை ஆட்டோ தெருமுனையில் திரும்பியதுமே வீட்டுக்கு வீடு கேட் திறக்கும் சத்தம் கேட்கும். பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதியின் பழைய குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. ஒரு பக்கம் ஃப்ரேசர் டவுன், இன்னொரு பக்கம் குக் டவுன். தமிழும் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும் இடம். கேட்டுக்கு வெளியே வருகிறவர் கையில் முறைப்படி மூன்று சாமான்கள் இருக்க வேண்டும்: சமையலறைக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, காகிதம் பிளாஸ்டிக்குக்கு ஒரு பை, எதற்கும் உதவாததற்கு ஒரு சிவப்புத் தொட்டி. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் கட்டாயமாக்கிய ஏற்பாடு இது.

பச்சைத் தொட்டிக்கு உரக்குழி இருக்கிறது. பைக்குள் இருப்பதற்கு விலை இருக்கிறது. சென்னைக்காரர் காயலான் கடை என்பதைப் பெங்களூருவில் குஜரி என்பார்கள். உலர்கழிவு மையம், குஜரி, மைசூர் சாலையில் நாயண்டஹள்ளியின் பிளாஸ்டிக் பட்டறைகள் என்று அந்தப் பை கைமாறிக்கொண்டே போகும். சிவப்புத் தொட்டிதான் அநாதை. நாப்கின், டயப்பர், பேண்டேஜ், பெருக்கி அள்ளிய தூசி. இதை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. கடைசியில் மண்ணுக்குள்தான் போக வேண்டும்.

மண்ணுக்குள் என்றால் வெறும் பள்ளத்துக்குள் அல்ல, அதற்கென்று கட்டிய ஒரு பாத்திரத்துக்குள். நகரங்கள் கட்டும் ஆகப் பெரிய பாத்திரங்களில் அதுவும் ஒன்று; ஆனால் கட்டி முடிந்த அன்றே கண்ணுக்கு மறைந்துவிடுவதால் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

பெங்களூருவுக்கு வடக்கே, பாகலூர் போகிற பக்கம், பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி என்ற ஊர்களில் கைவிடப்பட்ட கல் குவாரிகள் உண்டு. கல்லும் ஜல்லியும் வெட்டிய பள்ளங்கள். கல் போன வழியே லாரியில் குப்பை திரும்பி வந்தது. பார்க்கப் பொருத்தமான ஏற்பாடுதான்: பள்ளமும் நிரம்பும், குப்பையும் ஒழியும். சிக்கல் பாறையில் இருக்கிறது. பெங்களூருவின் அடியில் இருப்பது நைஸ் வகைப் பாறை. அந்தப் பாறை தண்ணீரைக் குடிக்காது; அதன் விரிசல்கள் குடிக்கும். சுற்றுவட்டார போர்வெல்கள் தண்ணீர் இழுப்பதும் அதே விரிசல்களிலிருந்துதான்.

குப்பையின் மேல் மழை பெய்கிறது. அழுகும் குப்பையும் தன் பங்குக்கு நீர் விடுகிறது. இரண்டும் சேர்ந்து இறங்கும்போது வழியில் கரைவதையெல்லாம் கரைத்துக்கொள்கின்றன: உப்பு, அம்மோனியா, பேட்டரியின் ஈயம், பெயின்டின் உலோகங்கள். அடியில் வந்து சேர்வது கறுப்பு டிகாஷன் மாதிரி ஒரு கசிவுநீர். பொறியாளர்கள் இதை லீச்சேட் என்பார்கள். பாத்திரம் கட்டுவது குப்பைக்காக என்று தோன்றினாலும் உண்மையில் இந்த நீருக்காகத்தான். திடமான குப்பை எங்கும் நடந்து போய்விடாது.

எலஹங்காவைத் தாண்டி இருக்கும் மாவள்ளிபுரா இதை நகரத்துக்குக் கற்றுக்கொடுத்தது. ஊர்மக்களின் எதிர்ப்பால் அங்கே குப்பை கொட்டுவது 2012-ல் நின்றபோது பெங்களூருவின் தெருக்களில் குப்பை மலையாய்க் குவிந்தது. கிழக்கே மண்டூர்க்காரர்களும் போராடினார்கள். அங்கேயும் நிறுத்துவதாக 2014-ல் அரசு வாக்களித்தது. இந்தக் களேபரத்துக்கு நடுவே இந்திய அறிவியல் கழகத்தின் கட்டடப் பொறியியல் துறையினர் மாவள்ளிபுராவிலிருந்து குப்பையையும் கசிவுநீரையும் எடுத்து வந்து ஆய்வகத்தில் வைத்தார்கள். ஜி.எல். சிவகுமார் பாபுவின் குழு அங்கிருந்து வந்த, பதப்படுத்திய குப்பையை மண்ணைச் சோதிப்பதுபோலவே அழுத்தியும் வெட்டியும் சோதித்தது. எவ்வளவு உயரம் குவித்தால் சரியும், எவ்வளவு அமுங்கும் என்ற கணக்குக்காக. இன்னொரு குழு கசிவுநீரின் வேதியியலைப் பார்த்தது. குப்பையையும் ஒரு கட்டடப் பொருளாகப் பார்த்த வேலை இது.

பாத்திரத்துக்கு இலக்கணம் வகுத்த கதையிலும் பெங்களூருவுக்குப் பங்குண்டு. நகரின் வடகிழக்கே கொத்தனூரில் வசிக்கும் அல்மித்ரா படேல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செராமிக்ஸ் படித்த பொறியாளர். வீட்டருகே குப்பை கொட்டப்படுவதைக் கண்டு கிளம்பியவர், 1996-ல் நாட்டின் நகரங்கள் குப்பையைக் கையாளும் விதத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் விளைவாக 2000-ல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. சுட்ட களிமண்ணைப் படித்தவரின் வழக்கால் பச்சைக் களிமண்ணுக்கு அளவு எழுதப்பட்டது என்று சொன்னால் தப்பில்லை.

அந்த விதிகள் சொன்னது இது. பள்ளத்தின் அடியிலும் சுவரிலும் 90 சென்டிமீட்டர் கனத்துக்குக் களிமண்ணையோ பக்குவப்படுத்திய மண்ணையோ இறுக்க வேண்டும். அதன் மேல் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தில், அதாவது 1.5 மில்லிமீட்டரில், அடர்த்தி மிகுந்த பாலிதீன் விரிப்பு. பண்ணைக்குட்டையில் விரிக்கும் ஷீட்டின் தடித்த அண்ணன். அதன் மேல் கசிவுநீரை வடித்து வெளியே இழுக்க ஒரு வடிகால் அடுக்கு, அப்புறம்தான் குப்பை. நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தாலும் பாத்திரத்தின் அடிக்கு இரண்டு மீட்டராவது கீழே நிற்க வேண்டும்.

மண் அடுக்குக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: அதன் நீர்கசிவுத் திறன் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு வருஷத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 15 லட்சம் விநாடி. பெருக்கிப் பார்த்தால், வருஷம் முழுக்க மேலே கொஞ்சம் நீர் தேங்கி நின்றாலும் அந்த மண் வழியே இறங்குவது மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர நீர்தான். ஆற்றுமணலில் இதுவே லட்சம் மடங்கு வேகத்தில் போகும்.

நடவுக்கு முன் சேறடிக்கிற விவசாயிக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. வயலைத் தண்ணீரோடு உழுது மிதித்துக் குழப்பினால் மண்துகள்கள் நெருங்கிப் படிந்து அடியில் ஓர் இறுகிய தளம் உண்டாகும். பாய்ச்சிய நீர் நிற்கும். பொறியாளர் அதே வேலையை ரோலரை வைத்துச் செய்கிறார். ஆனால் பெங்களூருவின் செம்மண் இதற்கு ஒத்துழைப்பதில்லை. அதில் கயோலினைட் என்ற களிதான் அதிகம். அது ஊறினாலும் உப்பாது. அதனால் பென்டோனைட்டைக் கொஞ்சம் கலக்கிறார்கள்.

பென்டோனைட் எரிமலைச் சாம்பலிலிருந்து பிறந்த களி. நம் நாட்டில் குஜராத்தின் கச்சிலும் ராஜஸ்தானின் பார்மேரிலும் கிடைக்கிறது. அதன் உயிர்நாடியான மான்ட்மோரில்லோனைட், ஒரு நானோமீட்டர் கனத் தகடுகளை அப்பளம் மாதிரி அடுக்கியது. ஒரு கிராமில் உள்ள தகடுகளை எல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 800 சதுர மீட்டர் வரும். பெங்களூரு கணக்கில் முப்பதுக்கு நாற்பது மனை ஏழு. தகடுகளின் முகத்தில் எதிர் மின்னேற்றம் உண்டு. அதை ஈடுகட்ட இடையிடையே சோடியம் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டால் அயனிகள் நீரை இழுக்கும், தகடுகள் விலகும், களி உப்பி மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் அடைக்கும்.

கசிவுநீர் நல்ல தண்ணீராக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அது உப்புநீர். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. தகடுகள் மறுபடி நெருங்கி, உப்பிய களி சுருங்குகிறது. குழாய்த் தண்ணீரில் சோதித்தபோது தேர்ச்சி பெற்ற மண், கசிவுநீரில் தோற்றுப்போகலாம். உப்பு கூடும்போது கயோலினைட் ஒரு விதமாகவும் மான்ட்மோரில்லோனைட் அதற்கு நேர் எதிராகவும் நடந்துகொள்வதை விளக்கியதில் இந்திய அறிவியல் கழகத்தின் ஏ. ஸ்ரீதரனுக்குப் பெரும் பங்குண்டு. ஆய்வகத்து மேசையில் ஒரு கோப்பைக் களியை வைத்துக்கொண்டு செய்த ஆராய்ச்சி அது.

பென்டோனைட்டுக்குக் காசு வேண்டும், நல்ல களிமண்ணுக்கு யாருடைய நிலத்தையாவது வெட்ட வேண்டும். அப்படியானால் பாத்திரத்தையும் கழிவிலேயே செய்தால் என்ன? இந்தக் கதையின் சுவையான பகுதி இதுதான். கழிவைக் கட்டுமானத்தில் கரைக்கும் யோசனை நமக்குப் புதிதல்ல. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன் சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துண்டுகளைப் பூசித் தார்ச்சாலை போட வழி கண்டார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். பெங்களூரு பல்கலைக்கழகத்தில் ஜஸ்டோவும் வீரராகவனும் 2002-லேயே தாரின் எடையில் 8 சதவீதம் பிளாஸ்டிக் சேர்ப்பதைச் சோதித்தார்கள். பாத்திரம் கட்டுவதற்கு வந்த முதல் வேட்பாளர் வேறு: அனல் மின்நிலையச் சாம்பல்.

நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்பு உண்டு; நீர் சேர்ந்தால் தானே இறுகும். சுண்ணாம்பு குறைந்த மற்றச் சாம்பல்களுக்கு வெளியிலிருந்து சுண்ணாம்பும் ஜிப்சமும் கொடுக்க வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி. சிவபுல்லையா போன்றவர்கள் இந்தக் கலவைகளைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். சிமென்ட் போன்ற ஒரு பசை உண்டாகி நுண்துளைகளை அடைக்கிறது. சாம்பலுக்குள் இருக்கும் உலோகங்களையும் ஓரளவு பிடித்துவைக்கிறது. இரண்டாவது வேலைதான் முக்கியம். சாம்பலே ஆர்செனிக் முதலானவற்றைச் சுமந்து வருகிற சரக்கு. எண்ணூரில் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்ததைப் பார்த்தவர்கள், அதையே காவலுக்கு வைக்கலாம் என்றால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது டயர். பழைய டயரைத் துண்டாக்கி வடிகால் அடுக்கில் சரளைக்குப் பதிலாகப் போடும் பழக்கம் வட அமெரிக்காவில் உண்டு. எடை குறைவு, நீர் நன்றாக ஓடும். ஆனால் மேலே பல மாடி உயரத்துக்குக் குப்பை ஏறினால் ரப்பர் அமுங்குகிறது. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கெர்ரி ரோவும் சகாக்களும் டயர்த் துண்டிலும் சரளையிலும் கசிவுநீரை விட்டு ஒப்பிட்டபோது, டயர் அடுக்கு நுண்ணுயிர்ப் படிவாலும் சுண்ணப் படிவாலும் முன்னதாகவே அடைத்துக்கொண்டது. வடிகால் அடைத்தால் நீர் தேங்கும். தேங்கினால் அடியில் அழுத்தம் கூடும். மலிவாகக் கிடைத்த பொருளை அதிகத் தடிமனில் போட்டு ஈடுகட்ட வேண்டியிருக்கும். அப்புறம் அதை மலிவு என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது வேட்பாளர் ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே இருக்கிறார். மங்கி டாப் என்று அழைக்கப்படும் மரச்சட்ட முகப்பு வைத்த பங்களாக்கள் கன்டோன்மென்ட் பகுதியில் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. தேக்கும் ஓடும் விலைபோகும், இடிபாடு தங்கிவிடும். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 383, 2016 திருத்தத்தில், உடைத்த கான்கிரீட் ஜல்லிக்குக் கதவைத் திறந்தது: கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம், கம்பி போட்டதில் 20 சதவீதம் வரை. குப்பைக் கிடங்குக்குள்ளும் தினமும் குப்பையை மூடும் மேல்பூச்சாகவும் உள்சாலையாகவும் இடிபாடு உழைக்கிறது. வடிகாலுக்குப் போட்டால் மட்டும் கவனம் தேவை. ஒட்டியிருக்கும் சிமென்ட் கரைந்து, அதே சுண்ணப் படிவைக் கூட்டிவிடும்.

நான்காவது வேட்பாளர்தான் இப்போது ஊரெங்கும் பேச்சு. சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் தொடங்கிய பயோமைனிங்கில் பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்தால் அடியில் மண்போல ஒன்று தேங்குகிறது. பார்த்தால் தோட்டத்து மண். பள்ளம் நிரப்பக் கேட்பவர்கள் உண்டு. டெல்லி ஐ.ஐ.டி.யின் மனோஜ் தத்தாவும் சகாக்களும் நாட்டின் சில பழைய மேடுகளிலிருந்து இதை எடுத்துச் சோதித்தார்கள். நீரில் ஊறவைத்தால் நிறம் இறங்கியது, உப்பு இறங்கியது, உலோகங்களும் சாதாரண மண்ணைவிட அதிகம். கழுவாமலோ சோதிக்காமலோ ஏரிக்கரையில் கொட்டினால், ஓரிடத்துக் கசிவை லாரி வாடகை கொடுத்து இன்னோர் இடத்துக்கு அனுப்பியதுதான் மிச்சம்.

பாத்திரம் கட்டாமலே விஷம் இறங்கிவிட்ட இடங்களும் இருக்கின்றன. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேடு தமிழ்நாட்டில் பெயர்போனது. அங்கிருந்து கசியும் ஆறிணைதிறக் குரோமியம் நீரில் கரைந்து மஞ்சளாக ஓடும். அதையே மூவிணைதிறமாக்கினால் கரையாமல் மண்ணோடு தங்கிவிடும். சென்னை ஐ.ஐ.டி.யில் லிஜி பிலிப்பின் குழு, அந்த ஆலைப் பகுதியின் மண்ணில் வாழப் பழகிய பாக்டீரியாவுக்குச் சர்க்கரை ஆலையின் மொலாசஸைத் தீனியாகக் கொடுத்து இந்த மாற்றத்தைச் செய்துகாட்டியது. ஒரு கிராம் மண்ணுக்கு 50 மில்லிகிராம் மொலாசஸ். 20 நாளில் ஆய்வகத்து மண்ணின் ஆறிணைதிறக் குரோமியம் முழுக்க மாறிவிட்டது. அமெரிக்காவின் எலிசபெத் சிட்டியில் 1996-ல் இதே குரோமியத்துக்குப் போட்ட தடுப்பு இரும்புத் துருவலால் ஆனது: பூமிக்குள் 46 மீட்டர் நீளச் சுவர். நிலத்தடி நீர் அதற்குள் புகுந்து வெளியேறும். இரும்பு துருப்பிடித்தபடியே குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். களிமண் நீரை நிறுத்துகிறது, இந்தச் சுவரோ நீரை விட்டுவிட்டு விஷத்தை மட்டும் நிறுத்துகிறது.

பாலிதீன் விரிப்பின் எதிரி அதன் ஓட்டை. கூரான கல் ஒன்றோ வெல்டிங் பிசகோ போதும். கண்டுபிடிக்கும் முறை எளிது: பாலிதீன் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரமண் கடத்தும். விரிப்புக்கு மேலும் கீழும் மின்னழுத்தம் கொடுத்துவிட்டு ஒருவர் கருவியோடு மேலே நடந்து போவார். மின்சாரம் எங்கே கீழே இறங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. குப்பை கொட்ட ஆரம்பித்த பிறகு இந்த வசதி கிடையாது.

நிரம்பிய பாத்திரத்துக்கு மூடியும் உண்டு: 60 சென்டிமீட்டர் களிமண், 15 சென்டிமீட்டர் வடிகால், 45 சென்டிமீட்டர் செடி வளரும் மண். மூடிய பின் குறைந்தது 15 வருஷம் கண்காணிக்க வேண்டும் என்றன அந்த விதிகள். கிடங்கின் ஓரத்தில் நிலத்தடி நீர் ஓடும் திசையில் இறக்கிய குழாய்க் கிணறுகள் அதற்காகத்தான். கயிற்றில் கட்டிய ஒரு குழல் உள்ளே இறங்கும், அரை லிட்டரோ ஒரு லிட்டரோ தண்ணீர் மேலே வரும், பாட்டிலில் தேதி எழுதுவார்கள். குளோரைடு கூடியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். களிமண் அதைப் பிடித்துவைப்பதில்லை, கசிவு என்றால் முன்னால் ஓடிவருவது அதுதான்.