இணையத் தரகும் அதனைக் கற்பிக்கும் பாடநெறிகளும்

தரகு என்பது துறைமுகப் பட்டினங்களுக்குப் புதியதன்று. பொருளை உடையவர் ஓரிடத்திலும் அதனை வேண்டுபவர் வேறோரிடத்திலும் இருக்க, இருவரையும் அறிந்த ஒருவர் இடையே நின்று அவர்களைச் சேர்த்துவைத்து, விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கூலியாகப் பெறுவது உலகெங்கும் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். திருகோணமலையில் இதனை இன்றும் கண்கூடாகக் காணலாம். புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் உல்லாசப் பயணி ஒருவரை முச்சக்கர வண்டிச் சாரதி உப்புவெளியிலுள்ள விடுதியொன்றுக்கு அழைத்துச் செல்கிறார். பயணி அங்கே தங்கினால் விடுதிக்காரர் சாரதிக்குக் கொமிஷன் கொடுப்பதுண்டு. தங்காது திரும்பினால் சாரதிக்கு மிஞ்சுவது வண்டிக் கூலி மட்டுமே.

இந்தச் சாரதி செய்வதையே ஒருவர் எழுத்தின் வாயிலாகச் செய்வாராயின், அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என்பதாகும். தமிழில் இணையத் தரகு எனலாம். இணையத்தில் ஒரு பொருளைப் பற்றியோ ஓர் ஊரைப் பற்றியோ எழுதுபவர், அப்பொருளை விற்கும் கடைக்கோ அவ்வூரின் விடுதிக்கோ செல்லும் இணைப்பைத் தமது கட்டுரையில் அமைத்துவைக்கிறார். வாசகர் அவ்வழியே சென்று பொருளை வாங்கினால், எழுதியவருக்கு ஒரு பங்கு கிடைக்கிறது.

இத்தொழிலைக் கற்பிப்பதாகக் கூறும் பாடநெறிகளின் விளம்பரங்கள் இன்று கைத்தொலைபேசியைத் திறந்தவுடன் கண்முன் தோன்றுகின்றன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவரும், பட்டம் பெற்றும் நியமனம் கிட்டாதவரும், வீட்டைவிட்டு வெளியே சென்று உழைக்க இயலாத இல்லத்தரசியரும் அவற்றை ஆவலோடு பார்க்கின்றனர். 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட பின்னர், துறைமுகத்தை நம்பி வாழ்ந்த இவ்வூர் வேறு தொழில்களைத் தேடவேண்டியதாயிற்று. சீனக்குடாவின் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும், கடற்றொழிலும், சுற்றுலாவும் எல்லோருக்கும் வேலை தந்துவிடுவதில்லை. ஆகவே, வீட்டிலிருந்தே பொருளீட்டலாம் என்னும் சொல் இங்கே எளிதில் செவியேறுகிறது. பாடநெறிக்குக் கட்டணம் செலுத்துவதற்காகத் தாயின் காப்பு அடகுக் கடைக்குச் செல்லுமுன், இத்தொழிலின் இயல்பையும் அதனைக் கற்கும் முறையையும் ஆராய்ந்து பார்ப்பது நன்று.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். இசைத்தட்டுகளை இணையத்தில் விற்ற 'சிடி நவ்' என்னும் அமெரிக்க நிறுவனம் 1994ஆம் ஆண்டில் இத்தகைய ஏற்பாடொன்றைத் தொடங்கியது. இசை பற்றி எழுதுவோர் வாசகரைத் தன்னிடம் அனுப்பினால், அவர்களுக்கு விற்பனையில் பங்கு கொடுப்பதாக அது அறிவித்தது. 1996ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அப்பொழுது புத்தகக் கடையாக மட்டும் விளங்கிய அமேசான் இதே முறையைப் பெரிய அளவில் மேற்கொண்டது. பின்னர் இம்முறை பிரயாணச் சீட்டு, விடுதி அறை, கணினி மென்பொருள் எனப் பல துறைகளுக்கும் பரவிற்று.

இது இயங்கும் விதம் கடினமானதன்று. தரகராகப் பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் கடைக்காரர் ஓர் அடையாளக் குறியீடு வழங்குகிறார். கட்டுரையிலுள்ள இணைப்பினுள் அக்குறியீடு பொதிந்திருக்கும். வாசகர் இணைப்பைத் தொட்டவுடன், 'குக்கி' எனப்படும் ஒரு சிறு குறிப்பு அவரது கருவியில் பதிவாகிறது. 'இவர் இன்னார் அனுப்பிவைத்தவர்' என்று சொல்லும் அறிமுகச் சீட்டு அது. அச்சீட்டுக்குக் கால எல்லை உண்டு. அமேசானில் அது பொதுவாக 24 மணித்தியாலம். அதற்குள் வாசகர் பொருளைத் தெரிவு செய்யாது, இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தாமாகவே சென்று வாங்கினால் தரகருக்கு ஒன்றுமில்லை. புதிதாகச் சேர்ந்தவர் 180 நாட்களுள் மூன்று விற்பனைகளையாவது நிகழ்த்தாவிடின், அவருடைய பதிவும் மூடப்படும். விடுதி அறைகளைப் பொறுத்தவரை, பயணி வந்து தங்கிச் சென்ற பின்னரே பெரும்பாலும் தரகு கணக்கில் ஏறும். பயணத்தைக் கைவிட்டால் தரகும் இல்லை.

வருமானத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை தெளிவாகும். எடுத்துக்காட்டாக, ஒரு கட்டுரையை 1000 பேர் படிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் 50 பேர் இணைப்பைத் தொட்டு, இருவர் தலைக்கு 100 டொலர் பெறுமதியான பொருளை வாங்குகின்றனர் எனக் கொள்வோம். தரகு நூற்றுக்கு 3 வீதமாயின் எழுதியவருக்குக் கிடைப்பது 6 டொலர். ஆயிரம் வாசகரைத் திரட்டுவதே பல மாத உழைப்பு என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். அன்றியும், தரகு வீதத்தை நிர்ணயிப்பவர் கடைக்காரரே. 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அமேசான் பல பொருள்களுக்குரிய தரகைக் குறைத்தது. தளபாடங்களுக்கு 8 வீதமாயிருந்தது 3 வீதமாயிற்று. அதனை நம்பியிருந்த எழுத்தாளரின் வருமானம் அவர் குற்றம் எதுவுமின்றியே சுருங்கியது. பிறர் கடையின் வாயிலில் நின்று செய்யும் தொழிலில் இந்த நிலையாமை என்றும் உண்டு.

இவ்வாறு கூறுவதால் இத்தொழில் பயனற்றது என்று கொள்ளலாகாது. அறிந்த விடயத்தை அறிந்தவாறு எழுத வல்லவருக்கு இதில் இடமுண்டு. திருகோணமலையையே எடுத்துக்கொள்வோம். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலை 2003ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்காவாக விளங்குகிறது. அங்குள்ள முருகைக்கற்களைக் காண வருபவருக்கு எத்தனையோ ஐயங்கள் எழும். எந்த மாதத்தில் கடல் அமைதியாயிருக்கும்? வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வரலாமா? படகு எங்கே கிடைக்கும்? கன்னியா வெந்நீரூற்றுக்களையும் கோணேசர் கோயிலையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? வயது முதிர்ந்த தாயாரை அழைத்துச் சென்றால் சுவாமிமலைப் படிகளில் ஏற இயலுமா? கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விடுமுறைக்கு வரும் தமிழ்க் குடும்பத்தினர் இவற்றையெல்லாம் அறிய விரும்புவர். கிண்ணியாவிலோ மூதூரிலோ பிறந்து வளர்ந்த ஓர் இளைஞருக்கு இவை கைத்தலப் பாடம். நேரிற் சென்று பார்த்துத் தெளிவாக எழுதுவாராயின், அவருடைய சொல்லை நம்பி விடுதி அறையைப் பதிவு செய்வோர் இருப்பர். கூகுள் நிறுவனமும் 2021ஆம் ஆண்டில், பொருள்களை உண்மையிற் கையாண்டு பார்த்து எழுதிய மதிப்புரைகளுக்குத் தன் தேடலில் முன்னிடம் கொடுக்கும் மாற்றமொன்றைச் செய்தது. பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவோருக்கு அது பின்னடைவு. கண்டு எழுதுவோருக்கு அது துணை.

இனி, நல்ல பாடநெறியொன்று எவற்றைக் கற்பிக்கவேண்டும் என்பதைப் பார்ப்போம். எழுதுவதற்கு ஏற்ற ஒரு துறையைத் தெரிதல், வாசகர் எந்தச் சொற்களால் தேடுகின்றனர் என்பதை அறிதல், தளத்தை அமைத்தல், எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் இணைப்பைத் தொட்டனர் என்னும் கணக்கை வாசித்தல், வெளிநாட்டு நிறுவனம் கேட்கும் வரிப் படிவங்களை நிரப்புதல், பணம் எவ்வழியாக இலங்கை வங்கிக் கணக்கை வந்தடையும் என்பதை முன்னரே உறுதி செய்தல் ஆகியவை இதிலடங்கும். இவற்றுட் பெரும்பாலானவற்றைக் கட்டணமின்றியே கற்கலாம். தரகு கொடுக்கும் நிறுவனங்கள் தத்தம் விதிகளையும் விளக்கங்களையும் தாமே வெளியிட்டுள்ளன. தேடலில் ஒரு பக்கம் எவ்வாறு இடம்பெறுகிறது என்பதைக் கூகுள் நிறுவனமே இலவசமாக விளக்குகிறது. இணையத்தளம் அமைக்கும் கலையை மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கட்டணமற்ற நிகழ்நிலைப் பாடநெறிகளாக வழங்கியுள்ளது. பணம் கொடுத்துக் கற்பதில் தவறில்லை. ஆயினும் இலவசமாகக் கிடைப்பதை முதலில் கற்றுத் தேர்ந்தவருக்கே, விலைக்கு விற்கப்படும் பாடத்தின் தரம் விளங்கும்.

பாடத்திட்டத்தில் தவறாது இருக்கவேண்டிய மற்றொரு பகுதி நேர்மை பற்றியது. 'இந்த விடுதியில் எனக்குக் கொமிஷன் உண்டு. ஆனாலும் அறை சுத்தமானது' என்று சொல்லும் சாரதியைப் பயணி மதிக்கிறார். 'நீங்கள் கேட்ட விடுதி மூடப்பட்டுவிட்டது' என்று பொய்யுரைத்துத் தனக்குக் கொமிஷன் தரும் இடத்துக்கு அழைத்துச் செல்பவரை ஒருமுறைக்கு மேல் எவரும் நம்புவதில்லை. எழுத்திலும் அஃதே நியதி. தரகு பெற்று எழுதுவோர் அதனை வாசகருக்கு வெளிப்படையாகக் கூறவேண்டுமென ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009ஆம் ஆண்டில் தனது வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு சனவரியில் அரசு இத்தகைய நெறிகளை வெளியிட்டது. மக்களை மயக்கும் விளம்பரங்களுக்கு அங்கே 10 இலட்சம் ரூபா வரையும், மீண்டும் குற்றம் புரிந்தால் 50 இலட்சம் ரூபா வரையும் தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகத்தில் பிறரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது.

மிகுந்த எச்சரிக்கை வேண்டிய இடம் ஒன்றுண்டு. சில பாடநெறிகள் தொழிலைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு, அந்தப் பாடநெறியையே பிறருக்கு விற்கும்படி மாணவரை ஏவுகின்றன. 'மை ஒன்லைன் பிஸினஸ் எடியுகேஷன்' என்னும் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. 21 படிகளில் இணைய வணிகத்தைக் கற்பிப்பதாக விளம்பரம் செய்த அந்நிறுவனம், 49 டொலர் என்னும் சிறு கட்டணத்தோடு மாணவரைச் சேர்த்தது. படிகளில் ஏற ஏற, உயர்ந்த அங்கத்துவம் பெறவேண்டும் என்று கூறி ஆயிரக்கணக்கிலும் பல்லாயிரக்கணக்கிலும் டொலர்களைக் கேட்டது. மாணவர் பணம் ஈட்டுவதற்குக் காட்டப்பட்ட வழியோ, அதே அங்கத்துவத்தை வேறொருவருக்கு விற்றுத் தரகு பெறுவதாகவே இருந்தது. 12 கோடி 50 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை இவ்வாறு திரட்டப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி, 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேற்கூறிய அமெரிக்க ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தின் நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டன. 2022ஆம் ஆண்டில் பாதிக்கப்பட்டோருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது 2 கோடி 30 இலட்சம் டொலருக்குச் சற்று அதிகமான தொகை. இழந்த பணத்தில் ஐந்திலொரு பங்கைக்கூட எட்டாத தொகை அது. சட்டம் வென்ற இடத்திலும் இழந்தவர் முழுமையாக மீளவில்லை என்பது இதனால் விளங்கும்.

புதியவரைச் சேர்ப்பதனாலேயே பழையவர் பணம் பெறும் ஏற்பாட்டுக்கு இலங்கையில் பிரமிட் திட்டம் என்று பெயர். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் திருத்தப்பட்ட ஏற்பாடுகள் இதனைத் தடை செய்கின்றன. நடத்துபவர் மட்டுமன்றி, அதற்கு விளம்பரம் செய்பவரும் ஊக்குவிப்பவரும் குற்றவாளிகளே. 2023ஆம் ஆண்டில் இலங்கை மத்திய வங்கி இத்தகைய நிறுவனங்கள் பலவற்றின் பெயர்களைப் பொதுமக்களின் எச்சரிக்கைக்காக வெளியிட்டது. அறியாது சேர்ந்து, உறவினரையும் அயலவரையும் சேர்த்துவிட்ட ஒருவர், பணத்தோடு சுற்றத்தையும் இழக்க நேரிடும்.

ஆகவே, பாடநெறியொன்றுக்குப் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டறிவது நலம். முதலாவது, கற்பிப்பவரின் வருமானம் அவர் கற்பிக்கும் தொழிலிலிருந்து வருகிறதா, பாடநெறியை விற்பதிலிருந்து வருகிறதா என்பது. அவர் நடத்தும் தளத்தைக் காட்டும்படி கேட்டால் உண்மை வெளிப்படும். இரண்டாவது, முழுப் பாடத்திட்டமும் முழுக் கட்டணமும் தொடக்கத்திலேயே எழுத்தில் தரப்படுகின்றனவா என்பது. மூன்றாவது, இவ்வளவு வருமானம் நிச்சயம் என்று உறுதி கூறப்படுகிறதா என்பது. கடலில் வலை வீசுபவருக்கு எவரும் மீனை நிச்சயமாக்கிக் கொடுக்க முடியாது; இத்தொழிலும் அத்தகையதே. நான்காவது, பிறரைச் சேர்த்தால் பணம் உண்டு என்று சொல்லப்படுகிறதா என்பது. இந்நான்காவது கேள்விக்கு ஆம் என்ற விடை வந்தால், மேலே ஆராயவேண்டிய தேவையில்லை, விலகிவிடுதலே அறிவுடைமை. 'இன்றிரவுக்குள் பணம் கட்டினாற் பாதி விலை' என்று அவசரப்படுத்துவோரிடத்தும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நல்ல கல்வி நாளையும் அங்கேயே இருக்கும்.

பெற்றோருக்கும் இதில் ஒரு கடமையுண்டு. இணையம் என்றவுடனே ஏமாற்று என்று சினப்பதும், பிள்ளை கணினி அறிந்தவன் என்று கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவதும் ஒருங்கே தவறானவை. பிள்ளையோடு அமர்ந்து மேற்கூறிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பதற்குக் கணினி அறிவு வேண்டியதில்லை. கடைத்தெருவில் பொருள் வாங்கிப் பழகிய அறிவே போதும். முதல் ஆறு மாதங்களுக்குப் பணம் செலவிடாது இலவசப் பாடங்களைக் கற்று, வாரத்துக்கு ஒரு கட்டுரையாகத் தானறிந்த விடயத்தை எழுதிவரும் இளைஞர், தரகு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தெளிவாக எழுதும் ஆற்றலையும் வாசகரின் நம்பிக்கையையும் தேடிக்கொள்வார். அவ்விரண்டும் கைவந்த பின், வேறெந்தத் தொழிலுக்கும் அவை முதலாக நின்று உதவும்.