வீரபத்திரர் வார்ப்புத் தகடுகள்: காலமும் மதிப்பும்

பழஞ்செப்புத் திருமேனிகளைப் பற்றித் தமிழில் நூல்கள் பல வெளிவந்துள்ளன. சுவரில் சார்த்தியும் தொங்கவிட்டும் வைக்கப்பெறும் வார்ப்புத் தகடுகளைப் பற்றிய ஆராய்ச்சி அவ்வளவாக நிகழவில்லை. அவற்றை அலங்காரப் பொருள் என்று விலைக்கு வாங்குவோரும், பழம்பித்தளை என்று எடைக்குப் போடுவோரும் உளர். இவ்விருவர்க்கும் இடையே தமிழாசிரியனிடம் வந்து காலம் வினவுவோரும் உளர். அவர்க்கு விடை கூறுமுன் நாம் அறிந்திருக்க வேண்டுவன சில உண்டு. அவற்றை வீரபத்திரர் தகடுகளைக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

இத்தகடுகள் பெரும்பாலும் கன்னடம், மராட்டியம், தெலுங்கு வழங்கும் நிலப்பகுதிகளில் வீரசைவர் முதலியோரால் வழிபடப்பெற்றவை. இல்லத்து வழிபாட்டறையில் வைப்பதேயன்றி, வீரகாசே ஆடுவோர் உடலில் அணிதலும் உண்டு. மேற்புறம் வளைந்த நீள்சதுரத் தகட்டில் வாள், கேடயம், வில், அம்பு ஏந்தி வீரபத்திரர் நிற்பார். ஒருபுறம் ஆட்டுத் தலையுடன் தக்கன் கைகூப்பி நிற்பான். மறுபுறம் பத்திரகாளி நிற்பாள். ஞாயிறும் திங்களும் இலிங்கமும் நந்தியும் மேலே அமையும். அருங்காட்சியகங்களில் உள்ளவற்றுட் பல 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்பர்.

கடப்பாக்கத்தில் இத்தகைய தகடு ஒன்றைக் காண நேர்ந்தது. உரிமையாளர் அதனைச் சோழர் காலத்தது என்றார். காரணம் வினவியபோது, தக்கயாகப்பரணி சோழர் காலத்து நூலன்றோ என விடை வந்தது. இவ்வாறு கருதுவோர் அவர் ஒருவரல்லர். கற்றோரும் இங்ஙனம் மயங்குவர். இரண்டாம் இராசராசன் காலத்தில் ஒட்டக்கூத்தர் அப்பரணியைப் பாடினார், உ.வே. சாமிநாதையர் 1930இல் அதனைப் பழைய உரையுடன் வெளியிட்டார். அட்டவீரட்டத்துள் ஒன்றாகிய திருப்பறியலூரும் தக்கன் வேள்வி தகர்த்த கதைக்கே உரியது. ஆயின் இவை உணர்த்துவது, ஆட்டுத் தலையுடன் நிற்பவன் யாவன் என்பதே. கதை 12ஆம் நூற்றாண்டிலும் பாடப்பெறும். சென்ற ஆண்டிலும் வார்க்கப்பெறும். உருவத்தின் பெயரை அறிவிக்கும் நூல், அவ்வுலோகத்தின் வயதை அறிவிக்க வல்லதன்று.

வயதை அறியத் தகட்டின் பின்புறத்தையே முதலில் நோக்கல் வேண்டும். மெழுகில் உருவமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி நீக்கி வார்க்கும் முறையில் ஒரு மெழுகுருவிற்கு ஒரு வார்ப்பே உண்டு. ஆதலின் அம்முறையில் தனித்தனியே அமைத்த இரண்டு தகடுகள் முழுதும் ஒத்திரா. பழந்தகடு ஒன்றிலிருந்து அச்செடுத்து மணலில் வார்த்த படியோ, குழிவுகள் மழுங்கி, நுண்வேலைகள் கலங்கித் தோன்றும். உலோகம் ஆறுங்கால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்குதலின், படி தன் மூலத்தினும் சிறிதாகும். மூலத்தின் அளவு அருங்காட்சியகப் பட்டியலில் கிடைக்குமாயின் இதுவே தெளிவான சான்று. பின்புறத்தில் எந்திரச் சாணையின் இணைகோடுகளும், விளிம்பு கூரிய புதுத் துளைகளும் இருப்பின் மேலும் ஆராய வேண்டுவது சிறிதே. கடப்பாக்கத்துத் தகட்டில் இவ்விரண்டும் இருந்தன.

தேய்வும் பேசும். வழிபாட்டில் கைபட்டும், சந்தனம் பூசியும், புளியிட்டுத் துலக்கியும் தேய்ந்த தகட்டில் மூக்கும் மார்பும் முழங்காலும் வழவழப்பாகும். இடுக்குகளில் பழைய பூச்சு கறுத்து நிற்கும். அரம்கொண்டு செயற்கையாகத் தேய்த்ததில் மேடு பள்ளம் என்னும் வேறுபாடின்றி யாவும் ஒருபடித்தாகத் தேய்ந்திருக்கும். பச்சைக் களிம்பைக் கண்டு பலர் மகிழ்வர். தடித்த களிம்பு மண்ணுள் கிடந்த பொருளுக்கு இயல்பு. நாள்தோறும் துலக்கப்பெற்ற இல்லத்துத் தகட்டில் அஃது எவ்வாறு வந்தது என்றன்றோ வினவல் வேண்டும்!

உலோகக் கலவையை ஆய்ந்தால் ஐயம் தீரும் என்பதும் முழுதும் பொருந்தாது. துத்தநாகம் மிகுந்திருப்பது புதுமைக்குச் சான்றாகாது. இராசத்தானத்துச் சாவாரில் அதனை உருக்கியெடுக்கும் தொழில் இடைக்காலத்திலேயே பெருகியிருந்தது. வெப்ப ஒளிர்வு முறை உலோகத்தின் வயதைக் கூறாது. வார்ப்பின் உள்ளே எஞ்சிய சுட்ட களிமண்ணின் வயதையே கூறும். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்கள் திருமேனிகளைக் ‘கனமாக’ வார்த்தவை என்றும் ‘பொள்ளலாக’ வார்த்தவை என்றும் பிரித்துரைப்பதும், கோயிலில் வைத்திருந்த முழத்தால் அளந்து குறிப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. பொள்ளலில் உள்மண் எஞ்சும்; கனத்தில் எஞ்சாது. நம் தகடுகளோ உள்மண் வைத்து வார்த்தவையல்ல. ஆகவே கல்வெட்டின் ஒரு சொல், எந்த ஆய்வு பயன்படும், எது பயன்படாது என்பதையும் நமக்கு உணர்த்திவிடுகின்றது.

இனி, மதிப்பு. எடையால் வரும் விலை பித்தளையின் விலையே. அதன்மேல் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் வேலைத்திறம், அருமை, தேய்வின் மெய்ம்மை, வந்த வழி ஆகியவற்றால் வருவது. இவற்றுள் வந்த வழியே தலையாயது என்பது என் கருத்து. சோழநாட்டுப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் திருமேனியை 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 2,50,000 பவுனுக்கு வாங்கியது. வாங்கியோர்க்குக் காட்டிய வரலாறு பொய்யானது. ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் இலண்டன் நீதிமன்றத்தில் சான்றுகளாயின. 1988இல் தீர்ப்பும் 1991இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் தமிழ்நாட்டின் சார்பில் அமைய, திருமேனி மீண்டது. அத்துணைப் பெருவிலையும் ஒரு பொய் வரலாற்றின்மேல் நின்றது.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த உலோகச் சிற்பம் அதன்படி தொல்பொருள். தனியார் அதனை வெளிநாட்டிற்கு அனுப்புதல் கூடாது. அதனை வாணிகம் செய்வோர் உரிமம் பெறுதல் வேண்டும். ஆகவே, பழமை மெய்யாயின் வெளிநாட்டு விலையைக் கூறி மதிப்பிடுதல் பொருந்தாது. மண்ணிலிருந்து எடுத்ததாயின் 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும் குறுக்கிடும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடமை. 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய ஆலம்பரைக் கோட்டையை அடுத்துள்ள கடப்பாக்கத்தார்க்கு இதனை நினைவூட்டுதல் மிகையன்று.

தகட்டைக் கொண்டுவருவோரிடம் முதற்கண் கூற வேண்டுவது, துலக்காதீர் என்பது. எலுமிச்சையும் மெருகுப்பொடியும் ஒரு நாழிகையில் இடுக்குகளிலுள்ள பூச்சை நீக்கிவிடும். அதன்பின் வழிபாட்டுத் தேய்வையும் சாணைத் தேய்வையும் பிரித்தறிதல் அரிது. இருந்தவாறே முன்னும் பின்னும் படமெடுத்து, நீளம், அகலம், எடை குறித்து, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று வீட்டு முதியோர் கூறுவதைத் தேதியிட்டு எழுதி, அத்தாளைத் தகட்டுடன் வைத்தல் வேண்டும்.