வடிகட்டிய நீரில் ஏன் சுண்ணாம்பு?

சென்னை விம்கோ நகருக்கு வடக்கே, காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை, கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு அமைக்கப்பட்டது. சவ்வு வழியே நீரை அழுத்தித் தள்ளும்போது (இதுவே ஆர்.ஓ. எனும் எதிர் சவ்வூடுபரவல்) உப்போடு கால்சியமும் மெக்னீசியமும் போய்விடும். அந்த நீர் நாக்கில் சப்பென்றிருக்கும். இரும்புக் குழாயை அரிக்கும்.

எப்படிச் சரிசெய்வது? கடல்நீர் ஆலைகளில் பொதுவாகக் கரியமில வாயுவையும் சுண்ணாம்பையும் சேர்ப்பார்கள். இரண்டும் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து, நீருக்குச் சுவையும் நிலைப்பும் தரும்.

பீர் தயாரிப்பவர்களும் ஆர்.ஓ. நீரில் இப்படித்தான் தாது சேர்க்கிறார்கள். ஜிப்சம் கசப்பைத் துலக்கும். கால்சியம் குளோரைடு மால்ட்டின் சுவைக்கு நிறைவு தரும்.

ஆர்.ஓ. தாதுக்களையும் நீக்கிவிடுவதால், வீட்டில் அதைப் பொருத்துமுன் நீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால், பெரும்பாலும் ஆர்.ஓ. தேவையில்லை.