பறக்கும் கப்பலும் பாடும் பெட்டியும்

புதிய பொருள் ஒன்று ஓர் ஊருக்குள் நுழையும்போது, அவ்வூரில் முன்பே வழங்கிவரும் பழஞ்சொல் ஒன்று எதிர்சென்று அதனை அழைத்து வருகிறது. இருப்புப் பாதையில் வண்டி ஓடியபோது தமிழர் அதனைப் புகைவண்டி என்றனர். மலாய் மக்கள் 'கெரெத்தா ஆப்பி' என்றனர். அதாவது நெருப்பு வண்டி. ஒருவர் புகையைக் கண்டார். மற்றவர் நெருப்பைக் கண்டார். வண்டி இருவர்க்கும் பொது. கிராமபோன் வந்தபோது தமிழ் நாட்டுப்புறத்தில் அது பாட்டுப் பெட்டியாயிற்று. விமானம் பறந்தபோது ஆகாயக் கப்பல் ஆயிற்று. மலாய் மொழியிலோ அவை 'பெத்தி ஞாஞி' என்றும் 'கப்பால் தெர்பாங்' என்றும் பெயர் பெற்றன. 'ஞாஞி' பாடுதலையும் 'தெர்பாங்' பறத்தலையும் குறிக்கும். எஞ்சி நிற்கும் 'பெத்தி'யும் 'கப்பா'லும் எவையென்று தமிழாசிரியர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அவை பெட்டியும் கப்பலுமே.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து ஏறுவோர் முதலிற் காணும் ஊர் ரிங்லெட். 1885-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் பெயரால் மலை வழங்குகிறது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931-இல் தாப்பாச் சாலை திறக்கப்பட்டது. ரிங்லெட்டைச் சூழ்ந்த சரிவுகளில் காடு வெட்டியும் கன்று நட்டும் கொழுந்து பறித்தும் உழைத்தவருள் தமிழர் பெருந்தொகையினர். இன்று கொழுந்து பறிப்பில் வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. எனினும் தமிழ்ப்பள்ளியும் தமிழ்ப் பேச்சும் அம்மலையில் உள்ளன.

அங்கே படிக்கும் குழந்தைக்கு ஒரு பொருளுக்கு மூன்று பெயர்கள் உண்டு. வீட்டில் அது டி.வி.; தேசிய மொழிப் பாடத்தில் 'பெத்தி தெலிவிஷென்'; தமிழ்ப் பாடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி. குளிர்ப் பெட்டிக்கு வீட்டில் 'பிரிட்ஜ்', மலாயில் 'பெத்தி செஜுக்', புத்தகத்தில் குளிர்சாதனப் பெட்டி. இம்மூன்றையும் தனித்தனியே கற்கும் குழந்தை, முதலிரண்டும் வாழ்க்கைக்கு உரியன, மூன்றாவது தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடுவது இயல்பு. கருவிகளின் உலகம் பிறமொழிக்கு உரியது, தமிழ் கோயிலுக்கும் இலக்கியத்துக்கும் உரியது என்னும் எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்குச் சான்று, அக்குழந்தை அன்றாடம் பேசும் மலாய்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கப்பலை நோக்கலாம். சங்க நூல்களில் கடலோடும் மரக்கலத்துக்குக் கலம், நாவாய், வங்கம் எனப் பல பெயர்கள் உள. கப்பல் என்பது பிற்காலத்தே ஓங்கி, அவற்றையெல்லாம் பேச்சுவழக்கிலிருந்து ஒதுக்கிவிட்ட சொல். அதுவே வணிகரோடு மலாய்த் துறைமுகங்களுக்குச் சென்றது. சென்ற இடத்தில் வேர்கொண்டது. பின்னாளில் நீருக்குள் மூழ்கும் ஊர்தி தோன்றவே, மலாய் மொழி 'கப்பால் செலாம்' என்றது. வானில் பறப்பது வரவே 'கப்பால் தெர்பாங்' என்றது. இந்தோனேசியர் விமானத்தைப் 'பெசாவாட்' என்பர். மலேசியச் செய்தித்தாள் மொழியிலும் அச்சொல் இன்று மிகுதியாக வழங்குகிறது. ஆனால் வீட்டிலும் வீதியிலும் பறப்பது 'கப்பால் தெர்பாங்' தான்.

மலேசியத் தமிழருக்கு இச்சொல்லில் வேறொரு பொருத்தமும் உண்டு. அவர்தம் முன்னோர் கடல்வழி வந்தவர். 'கப்பலேறுதல்' என்றால் நாடு விட்டுப் போதல் என்றே பொருள். (மானம் கப்பலேறிற்று என்று தமிழன் சொல்வதும், போனது திரும்பாது என்னும் அச்சத்தால் போலும்.) 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது, அதன் பின்னரும் உறவு காணப் போவோரும் வருவோரும் கப்பலையே நம்பினர். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்காம் துறைமுகம், சிங்கப்பூர் என்னும் பெயர்களை ஒரே நூலில் கோத்த கப்பல். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். அதற்குப் பின் 'சிதம்பரம்' ஓடிற்று. 1985 பிப்ரவரியில் அதில் மூண்ட தீ பல உயிர்களைக் கொண்டது; அத்தோடு அந்நெடும் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. கடற்கப்பல் நின்றபின் ஊருக்குப் போகும் வழி வான்வழி ஒன்றே. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு இன்று ஏறத்தாழ நான்கு மணி நேரந்தான். ஆயினும், மலேசியத் தமிழர் பேச்சில் விமானத்தைக் கப்பல் என்றே சொல்லக் கேட்கலாம். ஏறுவது மாறிற்று, ஏறும் சொல் மாறவில்லை. இதனைப் பிழையென்று சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் ஆசிரியர் ஒருகணம் தயங்குவது நன்று.

கப்பலும் பெட்டியும் தமிழே என்பதனை ஒலியும் உறுதிப்படுத்துகிறது. இப்பகுதி தமிழாசிரியர்க்கு மிகவும் பயன்படத்தக்கது. மலாயில் மெய்யெழுத்து இரட்டித்து ஒலிப்பதில்லை. ஆகவே கப்பல் சென்றபோது பகர ஒற்று மறைந்தது. ஆனால் வல்லோசை அப்படியே நின்றது. (தமிழெழுத்தில் அதனைக் காட்டவேண்டின், ஒற்றைப் பகரமிட்டால் வன்மை கெடும் என்றஞ்சி மீண்டும் இரட்டித்தே எழுத நேர்கிறது. இரவல் கொடுத்த ஒற்றைத் திரும்பப் பெறுவது போன்றது இது!) பெட்டி 'பெத்தி'யாகவும், கட்டில் 'கத்தில்' ஆகவும் மாறியபோது டகரத்தின் நாமடி ஒலி மறைந்தது, வன்மை மறையவில்லை. கடை என்னும் சொல்லோ 'கெடாய்' ஆயிற்று. இங்கே தனித்து நின்ற டகரம் குரலொலிப்புப் பெற்று மெலிந்தே சென்றிருக்கிறது. முதல் என்பது 'மோடல்' ஆகி மூலதனத்தைக் குறிக்கிறது. அதிலும் தனித்த தகரம் மெலிந்துள்ளது. இரட்டித்த வல்லினம் வன்மையாகவும், உயிர்களிடையே தனித்த வல்லினம் மென்மையாகவும் ஒலிக்கும் தமிழ்ப் பேச்சின் முறை, தமிழெழுத்தில் தோன்றாதது, மலாய்ச் சொல்லில் பதிவாகிக் கிடக்கிறது. அன்றியும், 'மோடல்' என்பதன் ஒகரச் சாயல் 'மொதல்' என்னும் பேச்சுத் தமிழுக்கு உரியது. சொற்களைக் கொண்டு சென்றவர் புலவர் அல்லர். கணக்குப் பார்த்த வணிகரும் கலம் செலுத்தியவருமே. ரிங்லெட்டில் ஒருவர் வானொலிப் பெட்டி வாங்கப் புகும் இடம் இன்றும் 'கெடாய்' தான்.

இனிப் பெட்டி. தமிழில் இச்சொல்லுக்கு உள்ள விரிவு வியப்பானது. ஆர்மோனியத்தைப் பெட்டி என்பர். சுருதிக்கும் பெட்டி உண்டு. உள்ளே என்ன நிகழ்கிறதென்று கண்ணுக்குப் புலப்படாது, வெளியே மட்டும் பயன் தருவது எதுவோ அது பெட்டி என்று மக்கள் கருதினர் எனலாம். கிராமபோன் இவ்விலக்கணத்துக்கு மிகவும் பொருந்தியது. வில்லை முறுக்கிவிட்டால் தானே சுழலும், மின்சாரம் வேண்டா, ஆகவே மின்கம்பி எட்டாத இடத்திலும் அது பாடியது. அதன்மேல் வைப்பதைத் தமிழர் இசைத்தட்டு என்றனர். மலாய்க்காரர் 'பீரிங் ஹீத்தாம்', கறுப்புத் தட்டு, என்றனர். ஒன்று கேட்பதைச் சொல்லிற்று. மற்றொன்று காண்பதைச் சொல்லிற்று.

பின்னர் வானொலி வந்தது. மலாயா வானொலி 1946-இல் தொடங்கித் தமிழிலும் ஒலித்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவிற் கேட்கும் வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசின் நோக்கம் அரசியல் பரப்புரை. கேட்டவர் நாட்டம் பெரும்பாலும் பாட்டில் இருந்திருக்கக்கூடும். 1947-இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் 1954-இல் சட்டைப்பைக்குள் அடங்கும் வானொலியாக விற்பனைக்கு வந்தது. உலர்மின்கலத்தால் இயங்கும் அப்பெட்டி லயத்துக்கு லயம் பரவத்தக்கதாயிற்று. சிற்றலை ஒலிபரப்பு வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதாதலின் மலை அதனைத் தடுப்பதில்லை. கடல் கடந்த ஒலிபரப்பையும் அதனால் கேட்க முடியும்.

தொலைக்காட்சியின் நிலை வேறு. மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கிற்று. அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. இடையில் குன்றொன்று நின்றால் படம் வாராது. பள்ளத்தாக்கில் அமைந்த தோட்டத்துக்கு இஃது ஒரு குறையே. கடல் மட்டத்துக்கு மேல் 2,031 மீட்டர் உயர்ந்த பிரிஞ்சாங் மலையுச்சியில் ஒலி ஒளிபரப்புக் கோபுரம் நிற்பதன் காரணம் இதுவே. 1996-இல் செயற்கைக்கோள் வழி அஸ்ட்ரோ வந்தபின் இத்தடையும் நீங்கிற்று. அலை மேலிருந்து இறங்குவதால் குன்றுகள் பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை. அவ்வலையை ஏற்கக் கூரைமேல் வைக்கும் கிண்ணத்துக்கு மலாய்ப் பேச்சில் மீண்டும் 'பீரிங்'. கறுப்புத் தட்டு கூரையேறிவிட்டது! அதன்வழி வந்த தமிழ் அலைவரிசையின் பெயர் வானவில். அரசு வானொலியின் தமிழ்ப் பிரிவின் பெயர் மின்னல். இவற்றைப் பெயராகத் தேர்ந்தவர் அகராதியைத் தேடி அலையவில்லை. வானத்தை நிமிர்ந்து பார்த்தனர்.

வழக்குச் சொல் ஒருபுறமிருக்க, புலமைச் சொற்களையும் மறத்தலாகாது. விமானம் என்பது வடசொல். புராணங்களில் பறந்து, கோயிலின் மேல் அமர்ந்து, பின்னர் இயந்திரத்துக்கு இறங்கி வந்தது. வானூர்தி என்பதனைச் சிலர் நேற்றுப் புனைந்த சொல்லென நினைப்பர். புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஓட்டுவார் இன்றித் தானே இயங்கும் வானவூர்தியைக் குறிப்பிடுகிறார். அது புகழுடையோர் மறுமையில் எய்துவது, இயந்திரம் அன்று. இயந்திரத்துக்கு அணுக்கமானது சீவக சிந்தாமணியின் மயிற்பொறியே. கருவுற்ற விசயை அதனை வலமும் இடமும் திருகிச் செலுத்தக் கற்று, அரசு கவிழ்ந்த நாளில் அதிலேறித் தப்பி, சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெற்றாள். திருத்தக்க தேவர் காலத்தில் விமானம் இருந்ததென்று இதனால் வாதிடுவது பேதைமை. ஆனால் இயந்திரத்துக்குப் 'பொறி' என்னும் சொல் ஆயத்தமாக இருந்தது என்பது உண்மை. பொறியியலும் கணிப்பொறியும் அவ்வேரில் கிளைத்தவை.

புலவர் ஆக்கும் சொற்கள் எல்லாம் ஒருபடித்தாய் வாழ்வதில்லை. இந்திய வானொலி 1950-களின் பிற்பகுதியில் 'ஆகாசவாணி' என்னும் பெயரை மேற்கொண்டபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அங்கும் இலங்கையிலும் மலேசியாவிலும் நிலைத்தது வானொலியே. குறுகிய சொல், வானும் ஒலியும் அறியாத குழந்தை இல்லை. குளிர்சாதனப் பெட்டியோ எழுத்தோடு நின்றது. குளிர்ப் பெட்டி என்று விட்டிருந்தால் வாழ்ந்திருக்கும். 'சாதனம்' இடையே புகுந்து சுமையாயிற்று. 'பெத்தி செஜுக்' என்பதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிடைப்பது குளிர்ப் பெட்டிதான். தமிழ்ப் பெட்டியை வாங்கிய மொழி அதனைத் தமிழரினும் சிக்கனமாக ஆண்டிருக்கிறது.

ரிங்லெட் போன்ற ஊரின் தமிழாசிரியர் கரும்பலகையில் இம்மூன்று பெயர்களையும் அருகருகே எழுதி, பெட்டியின் கீழும் கப்பலின் கீழும் கோடிட்டுக் காட்டினால் ஒரு பாடவேளை போதும். சொல்லாக்கம், ஒலிமாற்றம், கடல் வணிக வரலாறு மூன்றும் அதற்குள் அடங்கும். தோட்ட வீடுகளில் முதியோர் வழங்கும் பாட்டுப் பெட்டி போன்ற பெயர்களை மாணவர் கேட்டு எழுதி வருவதும் அப்பாடத்தின் பகுதியாகலாம். குடும்பங்கள் மலையிறங்குந்தோறும் அப்பெயர்களும் இறங்கிவிடுகின்றன. இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். மலாய்க்குத் தமிழ் கொடுத்தது என்னும் பெருமிதம் மட்டும் பாடமாகிவிடலாகாது. வாங்கிய சொல்லைப் பறக்கவும் மூழ்கவும் குளிரவும் பாடவும் வைத்தது மலாய்க்காரரின் ஆக்கத்திறன்.

2007 அக்டோபர் 10-இல் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் சோயூஸ் ஊர்தியில் விண்ணேறினார். அத்தகைய ஊர்திக்கு மலாயில் பெயர் 'கப்பால் அங்காசா'. 'அங்காசா' என்பது ஆகாசம் என்னும் வடசொல்லின் திரிபு. கோலாலம்பூரில் வானொலி தொலைக்காட்சி நிலையம் இருக்கும் 'அங்காசாபுரி'யிலும் அதுவே உள்ளது. ஆகவே பழைய தமிழ் இதழ்களில் வழங்கிய 'ஆகாயக் கப்பல்' சொல்லுக்குச் சொல் மலாயில் மீண்டும் பிறந்துவிட்டது. தமிழோ அவ்வூர்திக்கு விண்கலம் என்று பெயரிட்டிருக்கிறது. கப்பலுக்கு முன்பிருந்த சங்கக் கலத்தையே எடுத்து விண்ணில் மிதக்கவிட்டிருக்கிறது.