உதைபந்தாட்ட அரங்கும் நுழைவுச்சீட்டின் விலையும்

ஒரு நாட்டின் அணியும் மற்றொரு நாட்டின் அணியும் உதைபந்தாட்டத்தில் எதிரெதிரே நிற்கும்போது, அவ்வாட்டத்தை நேரிற் காணும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும் என்பது பல மாதங்களுக்கு முன்னரே முடிவாகிவிடுகின்றது. அம்முடிவைப் பெரும்பாலும் செய்து வைப்பது நுழைவுச்சீட்டின் விலையாகும். விலையை வகுப்போர் தாம் வருமானத்தை மட்டுமே கணக்கிடுவதாக எண்ணலாம். ஆயின் அதே வேளையில், அரங்கில் வந்து கூடும் மக்கள் எத்தனை பேர், எத்தகையோர் என்பதையும் அவர்கள் தீர்மானித்து விடுகின்றனர். விலைக்கும் கூட்டத்துக்கும் உள்ள இத்தொடர்பு வெளித் தோற்றத்திற் கூறுமளவுக்கு எளியதன்று. அதனை ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

நாடுகளுக்கிடையிலான முதலாவது உதைபந்தாட்டப் போட்டியாக ஏற்கப்பட்டிருப்பது, 1872ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி கிளாஸ்கோ நகரில் ஸ்கொத்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்த ஆட்டமாகும். கிரிக்கெற் கழகம் ஒன்றின் மைதானமே அன்று அரங்காயிற்று. நுழைவுக் கட்டணம் ஒரு சிலிங். ஏறத்தாழ 4,000 பேர் கட்டணஞ் செலுத்தி வந்தனர். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டனில் நடைபெற்ற முதலாவது எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்திற்கும் கட்டணம் ஒரு சிலிங்கே. ஆயினும் அங்கு வந்தோர் ஏறத்தாழ 2,000 பேர்தாம். விலை ஒன்று, கூட்டமோ இரு மடங்கு. கழகங்கள் மோதுவதைக் காணக் கொடுக்கத் தயங்கிய அதே சிலிங்கை, தம் நாட்டின் பெயரால் ஓர் அணி களமிறங்கியபோது மக்கள் தயங்காது கொடுத்தனர். விலை தனித்து நின்று கூட்டத்தைக் கூட்டுவதுமில்லை, கலைப்பதுமில்லை. எதற்காக அவ்விலை என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வருகின்றது என்பதை அந்த முதலாண்டே காட்டிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெருங்கூட்டங்களின் காலம் வந்தது. 1937ஆம் ஆண்டு ஏப்ரிலில் கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க் அரங்கில் ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் மோதியபோது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் திரண்டனர். 1950ஆம் ஆண்டு ஜூலை 16ஆந் திகதி றியோ டி ஜெனெய்ரோ நகரின் மரக்கானா அரங்கில் பிறேசிலும் உருகுவேயும் ஆடிய உலகக் கிண்ணத்தின் தீர்வு ஆட்டத்திற்குப் பணங்கொடுத்து வந்தவர் தொகை 1,73,850 என்று பதிவாகியுள்ளது. உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகின்றது. அன்று உருகுவே இரண்டுக்கு ஒன்று என வென்றது.

இத்துணைப் பெருங்கூட்டம் கூடியமைக்கு ஒரு காரணம், அரங்குகளில் நின்று பார்க்கும் இடங்கள் பெருமளவில் இருந்தமையாகும். நிற்பவர்க்கு வேண்டிய இடம் சிறிது. ஆகவே கட்டணமும் சிறிது. மரக்கானாவில் ஆடுகளத்தைச் சுற்றித் தாழ்ந்திருந்த நிலத்தில் 'ஜெரால்' என்னும் பகுதி அமைந்திருந்தது. சினிமாக் கொட்டகையின் கலரியைப் போன்றது அது. அங்கு நிற்பவர்க்கு ஆட்டக்காரரின் கால்கள் தெரியுமேயன்றி ஆட்டத்தின் முழுத்தோற்றம் நன்கு தெரியாது. எனினும் சிறு கூலி பெறும் தொழிலாளியும் அங்கு நின்று தன் நாட்டுக்காகக் குரல் கொடுக்க முடிந்தது.

இனி, விலை வகுப்பதிலுள்ள சிக்கலைப் பார்ப்போம். அரங்கின் இருக்கை, நேரம் கடந்தால் பயனற்றுப் போகும் பண்டம். சந்தையில் மிஞ்சிய மீனைக் கருவாடாக்கலாம். ஆட்டம் முடிந்தபின் மிஞ்சிய இருக்கையை வேறெதுவுமாக ஆக்க இயலாது. மேலும், அரங்கைக் கட்டி, விளக்கேற்றி, காவலரை நிறுத்திய பின்னர், இன்னொருவரை உள்ளே விடுவதால் ஏற்படும் மேலதிகச் செலவு மிகச் சொற்பம். இவ்விரு காரணங்களாலும் ஓர் இருக்கை வெறுமையாகக் கிடப்பதிலும் பார்க்கக் குறைந்த விலைக்கேனும் நிரம்புவது நன்று என்பது தெளிவு.

அவ்வாறாயின் எல்லாச் சீட்டுகளையும் மலிவாக விற்றால் என்ன? இங்கேதான் மறுபக்கம் தோன்றுகின்றது. விரும்புவோர் இரண்டு இலட்சம், இருக்கைகளோ எழுபதாயிரம் என்னும் நிலையில் விலை மிகக் குறைவாயின், சீட்டை முதலிற் கைப்பற்றிய சிலர் அதனைப் பன்மடங்கு விலைக்கு விற்கத் தொடங்குவர். மக்களுக்கெனக் குறைத்த விலையின் பயன் கள்ளச்சந்தை வியாபாரியின் பையிற் சேரும். பெருந்தேவையுள்ள இடத்திற் போலிச் சீட்டுகளும் முளைக்கும். 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி குவாத்தமாலா நகரில், குவாத்தமாலாவும் கொஸ்தா றிக்காவும் மோதவிருந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிக்கு முன்னர் ஏற்பட்ட நெரிசலில் எண்பது பேர் வரையில் உயிரிழந்தனர். கொள்ளளவுக்கு மீறிய கூட்டம் உள்ளே புகுந்தமைக்குப் போலிச் சீட்டுகளும் ஒரு காரணமெனக் கூறப்பட்டது. சீட்டு என்பது பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டு மட்டுமன்று. உள்ளே இத்தனை பேருக்கே இடமுண்டு என்னும் பாதுகாப்பு வாக்குறுதியுமாகும்.

பாதுகாப்பின் பொருட்டு நேர்ந்த பெரிய மாற்றம் ஒன்று விலையையும் மாற்றிவிட்டது. 1989ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆந் திகதி இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், ஹில்ஸ்பரோ அரங்கில் நடந்த எப்.ஏ. கிண்ண அரையிறுதி ஆட்டத்தில், நிற்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசலினால் 97 பேர் மாண்டனர். அதனை விசாரித்த நீதிபதி டெயிலர் பிரபு, 1990ஆம் ஆண்டு வெளியான தம் இறுதி அறிக்கையில், பெரிய அரங்குகளில் எல்லோரும் அமர்ந்தே பார்க்க வேண்டுமெனப் பரிந்துரைத்தார். அதே அறிக்கையில், மிக மலிவான இருக்கைகள் அதுவரை நின்று பார்த்தவர்களின் கைக்கு எட்டும் விலையில் இருத்தல் இயலும் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். கிளாஸ்கோவின் ஐப்றொக்ஸ் அரங்கில் அப்போது நிற்பதற்கு 4 பவுணும் இருப்பதற்கு 6 பவுணுமே வாங்கப்பட்டன என்பது அவர் காட்டிய சான்று. பரிந்துரையின் முதற்பகுதி சட்டமாயிற்று. இரண்டாம் பகுதியைப் பலர் மறந்தனர். அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் அரங்குகளிற் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது.

பிறேசிலிலும் இதே போக்கு நிகழ்ந்தது. மரக்கானாவின் 'ஜெரால்' பகுதி 2005ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2014ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்துக்காக அரங்கு புதுப்பிக்கப்பட்டபோது அதன் கொள்ளளவு எண்பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவாயிற்று. அவ்வாண்டு இறுதியாட்டத்தை அங்கு கண்டவர்கள் 74,738 பேர். உயிருக்கு ஆபத்தான நெரிசல் நீங்கியது பெரும் நன்மை, அதில் ஐயமில்லை. ஆயின் மலிவான இடமும் அதனுடன் நீங்கிவிட்டது. 2013ஆம் ஆண்டில் பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்துப் பிறேசிலில் எழுந்த மக்கள் கிளர்ச்சி, புதிய அரங்குகளுக்குக் கொட்டப்பட்ட பணத்தைப் பற்றியும் கேள்வி எழுப்பியதில் வியப்பில்லை.

இச்சிக்கலுக்குச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா கண்ட ஒரு தீர்வு, உலகக் கிண்ணச் சீட்டுகளை நான்கு தரங்களாகப் பிரித்து, நான்காவது தரத்தைப் போட்டி நடக்கும் நாட்டின் வாசிகளுக்கென ஒதுக்கியதாகும். 2010ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கர் முதற்சுற்று ஆட்டத்தை 140 றாண்டுக்குக் காண முடிந்தது. அது அந்நாளில் ஏறத்தாழ 20 அமெரிக்க டொலர். 2014இல் பிறேசில் வாசிகளுக்கு அவ்விலை 60 றியால். மாணவர், அறுபது வயது கடந்தோர், அரசின் குடும்ப உதவிப்பணம் பெறுவோர் ஆகியோர்க்கு அதிலும் பாதி. 2022இல் கட்டார் நாட்டில் வசித்தோர்க்கு 40 கட்டார் றியால், அதாவது ஏறத்தாழ 11 டொலர். அதே சுற்றைக் காண வந்த வெளிநாட்டவர் ஆகக் குறைந்தது 69 டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. இறுதியாட்டத்தின் முதற்தரச் சீட்டோ 1,607 டொலர். செல்வரிடம் கூடுதலாகப் பெற்று, வறியோர்க்கு வாயிலைத் திறந்து வைக்கும் முறை இது.

எனினும் மலிவு விலையை அறிவித்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்குத் தென்னாபிரிக்காவே சான்று. அங்கு சீட்டுகள் தொடக்கத்தில் இணையத்தின் வழியாகவும் வங்கி விண்ணப்பங்கள் மூலமாகவும் விற்கப்பட்டன. கடனட்டையும் கணினியும் இல்லாத சாதாரண இரசிகர்க்கு அவ்வழி பழக்கமற்றது. 2010 ஏப்ரில் 15ஆந் திகதி நகரங்களில் விற்பனைக் கூடங்கள் திறக்கப்பட்டு, கையிற் பணங்கொடுத்துச் சீட்டு வாங்கலாம் என்ற நிலை வந்ததும், முதல்நாள் இரவிலிருந்தே நெடுவரிசைகள் உண்டாயின. கணினிகளே தடைப்பட்டு நிற்குமளவுக்குக் கூட்டம் மோதியது. மக்களுக்கு ஆர்வமில்லை என்று அதுவரை எண்ணியவர்கள், இல்லாதிருந்தது ஆர்வமன்று, எட்டக்கூடிய வாயிலே என்பதை உணர்ந்தனர்.

விலை தடையாக இல்லாதபோதும் அரங்கு வெறுமையாகலாம். 2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆந் திகதி மும்பாயில் இந்திய அணி சீன தைபே அணியை ஐந்து கோல்களால் வென்றதைக் கண்டவர்கள் 2,569 பேர் மட்டுமே. அன்று மூன்று கோல்களை அடித்த அணித்தலைவர் சுனில் சேத்திரி, அரங்குக்கு வந்து எம்மை ஏசவேனும் செய்யுங்கள் என்ற கருத்துப்பட மக்களிடம் ஒளிப்பதிவு மூலம் வேண்டிக்கொண்டார். ஜூன் 4ஆந் திகதி கென்யாவுடன் நடந்த ஆட்டத்திற்குச் சீட்டுகள் முற்றாக விற்றுத் தீர்ந்தன. சில நாட்களில் மாறியது விலையன்று. தாம் அழைக்கப்படுகின்றோம், தம் வருகை வேண்டப்படுகின்றது என்னும் உணர்வே மக்களிடத்து மாறியது. மலிவும் அழைப்பும் ஒன்றுசேர்ந்தால் எத்துணைப் பயன் விளையும் என்பதை 2022ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஐரோப்பிய மகளிர் கிண்ணப் போட்டிகள் காட்டின. அங்கு சீட்டு விலை 5 பவுண் தொடங்கி 50 பவுண் வரையில் இருந்தது. இறுதியாட்டத்திற்கு வெம்பிளி அரங்கில் 87,192 பேர் திரண்டனர்.

அண்மைக் காலத்தில் வேறொரு முறை புகுந்துள்ளது. விமானப் பயணச்சீட்டைப் போல, தேவை ஏறும்போது விலையை ஏற்றியும் இறங்கும்போது இறக்கியும் விற்கும் முறை அது. இருக்கை வீணாகாது, கள்ளச்சந்தைக்கும் இடமிராது என்பது அதன் ஆதரவாளர் கூறும் நியாயம். ஆயின் 2025ஆம் ஆண்டு ஜூலையில் ஐக்கிய அமெரிக்காவில் நடந்த கழகங்களுக்கான உலகக் கிண்ணத்தில், செல்சி, புளுமினென்சே அணிகளின் அரையிறுதிக்கு 473 டொலர் 90 சதமாக இருந்த சீட்டு, ஆட்டம் நெருங்கியபோது 13 டொலர் 40 சதமாக வீழ்ந்தது. முன்கூட்டியே வாங்கிய விசுவாசமுள்ள இரசிகர், காத்திருந்து வாங்கியவரிலும் முப்பத்தைந்து மடங்கு கொடுத்தவரானார். விலையின் மீது நம்பிக்கை போயின், அடுத்த முறை எவரும் முன்வந்து வாங்கார்.

இதே முறை 2026ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்துக்கும் வகுக்கப்பட்டது. 2025 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட விலைகள் 60 டொலரிலிருந்து 6,730 டொலர் வரையில் இருந்தன. இரசிகர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தமையால், இறுதியாட்டம் உட்பட ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 60 டொலர்ச் சீட்டுகள் சில வழங்கப்படுமென அவ்வாண்டு டிசெம்பரில் பீபா அறிவித்தது. ஆயின் அவை ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் ஒதுக்கிய பங்கில் பத்திலொன்றே. அப்பங்கோ அரங்கின் நூற்றுக்கு எட்டு வீதம். எழுபதாயிரம் பேர் அமரும் அரங்கில் இரு நாட்டு இரசிகர்க்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் மலிவு இருக்கைகளே கிடைக்கும் என்பது எளிதிற் கணக்கிடத்தக்கது.

இவ்வளவு உயர்ந்த விலை பீபாவின் பிழைப்புக்கு இன்றியமையாததா? 2019 முதல் 2022 வரையான நான்காண்டுகளில் பீபா பெற்ற வருமானம் ஏறத்தாழ 757 கோடி டொலர். அதில் நுழைவுச்சீட்டுகளும் விருந்தோம்பல் உரிமைகளும் தந்தது ஏறத்தாழ 95 கோடி டொலர், அதாவது எட்டில் ஒரு பங்கு. தொலைக்காட்சி உரிமைகள் தந்ததோ 340 கோடிக்கு மேல். தொலைக்காட்சி நிலையங்கள் பெருவிலை கொடுத்து வாங்குவது இருபத்திரண்டு பேர் பந்தை உதைக்கும் காட்சியை மட்டுமன்று. அரங்கின் ஆரவாரத்தையும் சேர்த்தே அவை வாங்குகின்றன. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வெறுமையான அரங்குகளில் ஆட்டங்கள் நடந்தபோது, ஒளிபரப்பாளர் பலர் முன்னர் பதிவுசெய்த இரைச்சலைச் சேர்த்து ஒலிக்கவிட நேர்ந்தது. கலரியில் நின்று கத்தும் இரசிகர் தம் சீட்டுக்குரிய காசை மட்டுமன்றி, காட்சியின் உயிரையும் கொண்டுவருகின்றார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே விலை வகுப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. அரங்கு அமைந்துள்ள நகரின் சாதாரண உழைப்பாளி, தன் பிள்ளையுடன் வந்து பார்க்கத்தக்க விலையில் இருக்கைகள் உள்ளனவா? அவை பெயரளவுக்குச் சிலவாயன்றிப் போதிய எண்ணிக்கையில் உள்ளனவா? அவற்றை அவர் வாங்கத்தக்க வழி திறந்திருக்கின்றதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கூறக்கூடிய அரங்கில், மேல்தரச் சீட்டுகள் எவ்விலைக்கு விற்கப்பட்டாலும் பெருங்கேடில்லை. இல்லையென்று விடை வருமாயின், அரங்கு நிரம்பியிருந்தாலும் அங்கு ஆடும் அணியை நாட்டின் அணியென்று கொண்டாடும் மக்களிற் பெரும்பாலோர் வாயிலுக்கு வெளியேதான் நிற்பர்.