மூன்று பிள்ளைகள், மூன்று ஃபீஸ்!

ஜூன் பிறந்தாலே நடுத்தரக் குடும்பங்களில் வயிற்றைக் கலக்கும். எங்கள் வீட்டிலோ மூன்று பிள்ளைகள்! "பையனை மட்டும் பிரைவேட்ல போடு. பொண்ணுங்களுக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல் போதும்" என்றார்கள் பெரியவர்கள். "மூணு பேருக்கும் ஒரே நியாயம்தான்" என்று நானும் என் கணவரும் தீர்மானமாகச் சொல்லிவிட்டோம்.

சரி, பணத்துக்கு வழி? ஆளுக்கு 30,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 90,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,500. சம்பளம் வந்த அன்றே அதை வங்கியில் ஒரு வருஷ ஆர்.டி.யில் போட்டுவிடுவேன். மளிகை, பால் எல்லாம் மிச்சத்தில்தான். மே மாதம் ஆரம்பித்தால் அடுத்த மே மாதம் பணம் கைக்கு வந்துவிடும். வளையல் அடகுக் கடைக்குப் போகாது. தபாலாபீஸ் ஆர்.டி. 5 வருஷக் கணக்கு. ஃபீஸுக்கு ஒத்து வராது.

டேர்ம் டேர்மாகக் கட்டலாமா என்று பள்ளியில் கேளுங்கள். இதில் வெட்கம் எதற்கு? தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி, கமிட்டி நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் தனியார் பள்ளிகள் வாங்கக் கூடாது. ரசீது இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஐந்தாவதோடு அரசுப் பள்ளிக்கு மாற்றுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அங்கே படித்து, நீட் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது.

ஆனால் சகோதரிகளே, மாற்றுவதானால் பையனையும் சேர்த்து மாற்றுங்கள். சிக்கனம் பெண் பிள்ளை தலையில் மட்டும் விடிய வேண்டாம்!