குடற்கிருமிகளும் இன்சுலினும்

சர்க்கரை வியாதி என்றவுடன் கணையத்தையும் நாக்கையுமே குற்றஞ்சாட்டிப் பழகிய நமக்கு, சரீரத்தில், பெரும்பாலும் பெருங்குடலில், வாசம் செய்யும் ஏறக்குறைய 38 லட்சம் கோடி நுண்ணுயிர்களுக்கும் அதில் பங்குண்டு என்பது விசித்திரமாகவே தோன்றும். ஆனால் 2004-இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜெஃப்ரி கார்டனும் அவருடைய சகாக்களும், பிறந்தது முதல் கிருமியே தீண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடற்கிருமிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, அவை முன்னிலும் குறைவாகத் தின்றும், இரண்டே வாரத்தில் உடற்கொழுப்பு 60 சதவிகிதம் பெருகி, இன்சுலினுக்கு எளிதில் இணங்காத நிலையையும் அடைந்தன.

எலியின் கதை மனிதனுக்கும் பொருந்துமா? ஆம்ஸ்டர்டாம் வைத்தியர்கள் 2012-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஸ்தூல சரீரமும் இன்சுலின் எதிர்ப்பும் உடைய 18 ஆண்களில் ஒரு பாதியினருக்கு மெலிந்த ஆரோக்கியசாலிகளின் மலத்தினின்று தயாரித்த கரைசலையும், மறுபாதியினருக்கு அவரவருடையதையே திரும்பவும் குழாய் மூலம் சிறுகுடலில் செலுத்தினார்கள். (முகஞ்சுளிக்கும் வாசகர்கள் மன்னிக்க; விஞ்ஞானத்துக்கு இந்தச் சங்கோஜம் கிடையாது.) ஆறு வாரங்களில், அன்னியர் கிருமியைப் பெற்றவர்களின் தசைகள் முதலியன இன்சுலினுக்கு முன்னிலும் நன்றாகச் செவிசாய்த்தன; பியூட்டிரேட் என்னும் அமிலத்தை உண்டாக்கும் கிருமிகளும் அவர்களிடம் பெருகியிருந்தன.

அந்த அமிலந்தான் விஷயத்தின் சூட்சுமம். நம்மால் ஜீரணிக்க இயலாத நார்ச்சத்தைக் கிருமிகள் புளிக்கவைத்து அதை உண்டாக்க, அது குடற்சுவரின் அணுக்களுக்கு ஆகாரமாகி அச்சுவரை உறுதிப்படுத்துவதோடு, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோனையும் வெளிவரச் செய்கிறது. சுவர் பலவீனப்பட்டாலோ, கிருமிகளின் மேலுறையிலுள்ள நச்சுப்பொருள் ரத்தத்தில் கசிந்து, கல்லீரலிலும் கொழுப்பிலும் ஓயாத மெல்லிய அழற்சியை மூட்டி, இன்சுலினின் கட்டளையைத் தடுக்கிறது. கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளில் இதனை 2007-இல் பட்ரிஸ் கானி முதலானோர் எடுத்துக்காட்டினார்கள்.

இவ்வளவும் கேட்டு, கிருமி மாற்றினால் வியாதி தீர்ந்தது என்று மகிழ்வதற்கில்லை. அதே ஆம்ஸ்டர்டாம் குழுவினர் 38 பேரிடம் மறுபடி சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறாம் வாரத்தில் கண்ட பலன் பதினெட்டாம் வாரத்தில் மறைந்துவிட்டது. இரவல் கிருமிகளைக் குடியேற்றிவிட்டுப் பழைய ஆகாரத்தையே போட்டுக்கொண்டிருந்தால் அவை எதைத் தின்று பிழைக்கும் என்பதே என் சந்தேகம். ஷாங்காயில் லிபிங் ஜாவோ கிருமியை விட்டு ஆகாரத்தை மாற்றினார்: பலவகை நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ட சர்க்கரை நோயாளிகளில் 89 சதவிகிதத்தினருக்கு, மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 7-க்குக் கீழே இறங்கிற்று, வழக்கமான பத்தியத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கே அது வாய்த்தது. ஆகையால் கடையில் விற்கும் கிருமிக் குளிகைகளைவிடக் கீரையையும் பயறையும் முழுத் தானியத்தையும் நம்புவதே மேல் என்பேன். ஆயினும், ஷாங்காய் நோயாளிகள் இரு சாராரும் அகார்போஸ் மருந்தை உட்கொண்டே வந்தார்கள் என்பதை, மாத்திரையை நிறுத்திவிட அவசரப்படுபவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.